நிறுத்தச் சொன்ன மாத்திரை

ஐம்பதைத் தொட்ட வருடம் என் வகுப்பறையில் மின்விசிறி எனக்கு மட்டும் வேலை செய்யாமல் போனது. பிள்ளைகள் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகைப் பக்கம் நிற்கிற எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து காதுக்கும் அனல் ஏறும். ரவிக்கையின் முதுகு தொப்பலாக நனைந்துவிடும். பாதி எழுதிய கணக்கின் மீதி மறந்துபோய், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். நெய்வேலி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இது மார்கழியிலும் வந்தது.

இயல்பிலேயே எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். மாதவிடாய் நிற்கிற சமயத்தில் அது இரண்டு மடங்கானது என்று நான் சொன்னால், என் வீட்டுக்காரர் “ரெண்டுதானா?” என்று கேட்பார். ஆசிரியர் அறையில் ஜன்னலைத் திற என்று நானும், தூசி வருகிறது மூடு என்று மற்றவர்களும் தினம் ஒரு பஞ்சாயத்து. இராத்திரியில் தூக்கம் என்பது சுத்தமாக இல்லை. தூங்காத உடம்பை இழுத்துக்கொண்டு டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போவதே பெரிய காரியமாக இருந்தது. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருடம் பாக்கி. முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். கணக்குச் சொல்லிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு எதிலும் பெரிய ஆசை இருந்ததில்லை. அதனால் அந்த யோசனையே எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

கடைசியில் பண்ருட்டியில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி உண்டா, ரத்தம் உறைகிற நோய் உண்டா, பிரஷர் உண்டா என்றெல்லாம் விசாரித்து, பரிசோதனைகள் எடுத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அளவில் ஹார்மோன் மாத்திரை எழுதினார். “பிரஷரை அடிக்கடி பாத்துக்கணும். நீங்களா மாத்திரையைக் கூட்டவும் கூடாது, நீங்களா நிறுத்தவும் கூடாது. எதுவா இருந்தாலும் எங்கிட்ட வாங்க” என்றார்.

சில வாரங்களில் தூக்கம் வந்தது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, தூக்கம் வந்தது, அவ்வளவுதான். அனல் குறைந்தது. மறந்துபோன கணக்கெல்லாம் திரும்பி வந்தன. ஒருநாள் ஆசிரியர் அறை ஜன்னலை நானே எழுந்து மூடினேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரஷரும் ஒழுங்காகவே இருந்தது. அந்தச் சின்ன மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

அந்த வருடம்தான் என் வீட்டுக்காரர் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் இந்தப் பக்கத்துக்காரர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்பதால் கிடைத்த வேலை. நான் டவுன்ஷிப்பிலேயே பிறந்தவள், என் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் வடக்குத்து ஊரில் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தோம். வாழ்க்கை முழுக்க ஷிஃப்ட் பார்த்தவருக்கு ஓய்வு என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் ஷிஃப்ட்டுக்கு எழுந்த பழக்கத்தில் விடியும் முன்னே எழுந்துகொள்வார். எழுந்து, துடைத்த சைக்கிளையே மறுபடி துடைப்பார். நான் கிளம்புவதை வாசலில் நின்று பார்க்கிறபோது அவர் முகம் எனக்கே பொறுக்காது.

அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தது என் தொண்டைதான். கோடையில் குரல் கம்மிப்போய், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்காத அளவுக்கு ஆகிவிட்டது. அவர் பண்ருட்டி நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அதிமதுரம் வாங்கி வந்தார். அந்த வேரை இடித்து, கொதிக்க வைத்து, வற்ற விட்டு, வடிகட்டி, விடியற்காலையில் டம்ளரில் நீட்டுவார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபிளாஸ்க் நிறைய வேறு.

“இத்த குடி. டீச்சருக்குத் தொண்டதான் சொத்து” என்பார்.

தித்திப்பாக இருக்கும். நானும் சந்தோஷமாகக் குடித்தேன். குரல் நன்றாகத் தேறியது. குரல் தேறிய பிறகும் அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. மற்ற டீச்சர்களிடம் பெருமை பேசிக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட அவர் எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்ததில்லை. இப்போது கஷாயமே கிடைக்கிறது என்றால் சும்மாவா?

மாதங்கள் போயின. ஒரு தடவை பண்ருட்டிக்குப் போனபோது டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். ஏறியிருந்தது. அடுத்த வாரமும் ஏறித்தான் இருந்தது. எனக்கும் கணுக்கால் வீங்குவதும், மாடி வகுப்புக்கு ஏறுகையில் கால் துவள்வதுமாக இருந்தது. வயதுதான் என்று விட்டிருந்தேன்.

பிரஷர் என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் ஒடுங்கிப்போனார். அவருடைய அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தவர். பிரஷர் இருந்ததே யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் கை கால் விளங்காமல், பேச்சும் இல்லாமல், வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்து அவருக்குக் கஞ்சி ஊட்டியது இவர்தான். அதை நானே பார்த்திருக்கிறேன்.

“அந்த மாத்திரய வுட்டுடு” என்றார், பஸ் ஏறும் முன்பே.

“டாக்டரே சொல்லல. நீங்க எதுக்குச் சொல்றீங்க?”

“எங்க அக்காவுக்கு ஊட்டுன கை இது. வூட்ல இன்னொருத்திய அப்டி பாக்க என்னால ஆவாது.”

“அந்த மாத்திரை இல்லாம நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? உடம்பு என்னோடது!”

பஸ் ஸ்டாண்டில் பலாப்பழம் விற்கிற அம்மா உட்பட எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கத்திவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். படுக்கையில் விழுந்துவிடுவேனோ என்று பயம். மாத்திரை போய்விட்டால் பழையபடி ஆகிவிடுவேனோ, வேலையை விட வேண்டி வருமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

பயந்தபடியேதான் நடந்தது. பிரஷர் இறங்கவில்லை என்றதும் டாக்டர், “சிலருக்கு இந்த மாத்திரையால கொஞ்சம் ஏறலாம். நிறுத்திப் பாப்போம்” என்று சொல்லி, பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதினார். ஹார்மோன் மாத்திரை நின்றது. கொஞ்ச நாளிலேயே அனல் வந்தது. தூக்கம் போனது. கரும்பலகை முன்னால் நான் மறுபடி சாக்பீஸோடு நின்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை முதுகுக்குப் பின்னாலேயே உணர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துத் தவித்தார். நிறுத்தச் சொன்னவரே அவர்தான், அதனால் வாய் திறக்கவும் முடியவில்லை. அவர் செய்ய முடிந்தது ஒன்றுதான். கஷாயத்தை இன்னும் திக்காகப் போட்டார். காலையில் ஒரு டம்ளர் என்றிருந்ததை மாலையிலும் ஆக்கினார். வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வந்து, என் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, எண் ஓடி நிற்கிறவரை மூச்சுவிடாமல் பார்ப்பார். எண் குறையவில்லை. முன்பைவிடக் கூடத்தான் இருந்தது. உப்பைக் குறைத்தோம். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். எதற்கும் அசையவில்லை.

அன்றைக்கு ஒரு முடிவோடுதான் பண்ருட்டிக்குப் போனேன். டாக்டர் இனி ஹார்மோன் கிடையாது என்றால், வேலையை விடுகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது. உடன் வந்த வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கே” என்றார். “ஹார்மோன் மாத்திரை இந்த வேலையைச் செய்யாது. அதை நிறுத்தியும் பிரஷர் இறங்கல. வேற என்ன சாப்பிடறீங்க?”

“வேற எதுவும் இல்ல டாக்டர்.”

“ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றீங்க. மருந்த விடுங்க. காலைல எழுந்ததுலேருந்து வாயில என்னென்ன போகுதுன்னு சொல்லுங்க.”

நான் சொல்ல வாயெடுக்கும் முன் பக்கத்து நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்:

“காலைல எழுந்ததும் அதிமதுரக் கஷாயம்ங்க. நானே போட்டுத் தரேன். இத்தன மாசமா ஒரு நாள் வுட்டதில்லீங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அதிமதுரத்தை இப்படி விடாமல் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியே போகும், கால் துவளும், பிரஷர் ஏறும் என்று பொறுமையாக விளக்கினார். தொண்டைக்கு நான்கு நாள் குடிப்பது வேறு, மாதக்கணக்கில் காலையும் மாலையும் குடிப்பது வேறு என்றார். எத்தனை முறை அவர் கேட்டும் நான் அதைச் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். கஷாயத்தை மருந்து என்று நான் நினைத்ததே இல்லை. அது எங்கள் அடுப்பங்கரை விஷயம். மருந்து என்றால் அட்டையைப் பிய்த்து எடுக்கிற மாத்திரை, அதன் மேல்தான் எங்கள் எல்லாச் சந்தேகமும்.

கஷாயத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். பொட்டாசியத்துக்கு மருந்து கொடுத்தார். சில வாரம் கழித்து வரச் சொன்னார். ஹார்மோன் மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கேட்க பயமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு நாளும் நான் வெந்தது, துவண்டது, மாத்திரைக்காக நாங்கள் போட்ட சண்டை எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. நாக்கு நுனியில் நல்ல காரமான வார்த்தையாக நாலைந்து இருந்தன. இவரைத் திட்டுவதற்கு எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்கப் போவதில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“நானே உன்ன படுக்கையில தள்ளி இருப்பேன்ல?” என்றார்.

“தித்திப்பா இருந்துச்சு, நானும்தான் கேட்டு வாங்கிக் குடிச்சேன்” என்றேன். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. விடியும் முன் எழுந்து ஒரு மனிதர் எனக்காக அடுப்பில் தீயைக் குறைத்து வைத்துக்கொண்டு நின்றாரே, அதை நான் எந்தக் கணக்கில் தப்பு என்று கழிப்பேன்? டவுன்ஷிப் ஆர்ச் கேட் நிறுத்தத்தில் இறங்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார், “இனிமே காலைல எழுந்து நான் என்னா பண்றது?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஒரு நல்ல காபி போடக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த வாரங்கள் சுலபமாக இல்லை. கால் தேறியது, வீக்கம் வடிந்தது, மெஷினில் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆனால் அனல் அப்படியேதான் இருந்தது, தூக்கமின்மையும் அப்படியேதான் இருந்தது. காபி சுமார்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் மெஷினைப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த நிமிடமே, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்ளும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாத்திரைப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அவர் மறுபடி வேண்டாம் என்பார், மறுபடி சண்டை வரும் என்று நான் நினைத்தேன். சண்டை போடும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

சொன்ன நாளில் பண்ருட்டிக்குப் போனோம். நர்ஸம்மா பட்டையைக் கட்டிப் பார்த்தார். டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். “பிரஷர் மாத்திரையும் குறைச்சிடலாம் போல இருக்கே. எதுக்கும் இன்னொரு தடவ பாருங்க” என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். பட்டை என் கையிலேயே இருந்தது. கேட்டுவிட வேண்டும், இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன், வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடுமே.

அப்போது என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மேலதிகாரியிடம் லீவு கேட்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“டாக்டர், அந்த ஹார்மோன் மாத்திரய இவளுக்குத் திரும்பக் குடுப்பீங்களா? வேணாம்னு சொன்னவன் நான்தாங்க. தெரியாம சொல்லிட்டேன். அது இல்லாம இவ பட்ற பாட்ட கூட இருந்து பாத்துகினு இருக்கேங்க. இவ பழையபடி பாடம் நடத்தணும்ங்க.”

அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வேலையை விடுகிற யோசனையை நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது.

“குடுக்கறேன்” என்றார் டாக்டர். “இந்தத் தடவ வாய்வழியா வேணாம், தோல்ல தடவற ஜெல் தரேன், அது பிரஷர அவ்வளவா தொந்தரவு பண்ணாது. ராத்திரிக்கு அதோட ஒரு மாத்திரை உண்டு. பிரஷர் மட்டும் விடாம பாத்துக்கணும்.”

நான் அழ ஆரம்பித்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடக்க முடியாமல் அழுதேன். கையில் பட்டை இறுகத் தொடங்கியிருந்தது.

“அழுவாதீங்க டீச்சர், பாத்துகினு இருக்கேன்ல, ஏறிடும்” என்று நர்ஸம்மா அதட்டினார்.

“ஏறட்டும்” என்றேன்.