எங்கள் கருத்தில், லாரி உள்ளே வரும்

மனு எழுதுவது என்பது, படிக்காமலே கிழிப்பவனுக்குப் பார்த்துப் பார்த்து எழுதும் தொழில். நீங்களும் எழுதியிருந்தால் தெரியும். டெல்லியில் எங்கள் குடிசைப் பகுதிக்காக நாற்பது வருடமாக இங்கிலீஷில் எழுதுகிறேன். துண்டுப் பிரசுரம் படித்தே கற்ற இங்கிலீஷ். இரண்டு முறை லாக்கப் பார்த்த இங்கிலீஷ். அதில் ‘நாங்கள் நினைக்கிறோம்’ என்ற பேச்சே கிடையாது. எல்லாம் உண்மை, எல்லாம் கண்டனம்.

உலகறிந்த உண்மை

சந்து குறுகல் என்று சொல்லி, தண்ணீர் லாரி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். பெண்கள் கேனோடு பஸ்களுக்கு நடுவே ஓட வேண்டும். ஒரு கோடையில் எங்கள் சந்துப் பச்சையம்மாவை ஒரு ஸ்கூட்டர் இடித்துக் கால் முறிந்தது. லாரி சந்துக்குள் வர வேண்டும் என்று ஒன்பதாவது மனு எழுதினேன். ‘அதிகார வர்க்கத்தின் குரூரம் உலகறிந்த உண்மை’ என்று ஆரம்பம். தண்ணீர் ஆபீஸ் குமாஸ்தா முதல் வரியோடு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“உலகத்துக்கே தெரியும்னா எனக்கு எதுக்கு அங்கிள்ஜி சொல்றீங்க?”

பாத்திரம் தேய்த்தபடி கேட்டது

பச்சையம்மாவின் மகள் செல்வி மயூர் விஹாரில் வீட்டுவேலை செய்பவள். அந்த வீட்டம்மா ஆபீஸ் கடிதங்களைப் போனில் சொல்லி எழுதவைப்பாராம். “எதுன்னாலும் ‘இன் மை ஒப்பீனியன்’னு ஆரம்பிப்பாங்க மாமா. அப்புறம் ஏன் அப்படி நினைக்கிறாங்கன்னு காரணம் சொல்வாங்க.” அது கெஞ்சுகிறவர்கள் பாஷை என்று சீறினேன். அவள் அசரவில்லை.

“நாப்பது வருஷமா உண்மையே எழுதிட்டீங்க. ஒரு தடவை எங்க அபிப்பிராயத்தையும் எழுதுங்களேன்.”

சேலையில் ஒரு முடிச்சு

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: ‘இன் அவர் ஒப்பீனியன், லாரி சந்துக்குள் வரும்.’ காரணம்? செல்வி ஒரு பழைய சேலையை லாரியின் அகலத்துக்குப் பிடித்து முடிச்சுப் போட்டாள். அதையே சந்து நெடுகக் குறுக்கே பிடித்துப் பார்த்தாள். எங்கு பிடித்தாலும் முடிச்சைத் தாண்டி ஒரு முழம் இடம் மிச்சம். அதையும் எழுதினேன். மொத்தம் நாலே வரி. கீழே பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும்.

தண்ணீர் ஆபீஸ் இன்ஜினியர் படித்தார். முழுசாகப் படித்தார்! ஒரு அதிகாரி என் இரண்டாவது வரிக்குப் போனதை அன்றுதான் பார்த்தேன். “யாருடைய கருத்து இது?” என்றார். செல்வி சேலையை மேஜைமேல் வைத்தாள். மறுநாள் சந்தில் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அவள் பிடித்தாள். எத்தனையோ ஊர்வலம் பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடுத்த வாரம் லாரி உள்ளே வந்தது. கட்டுப் போட்ட காலோடு வாசலில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா அதை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏன்டி செல்வி, இத்தனை நாளா இவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லியா?”

என் கருத்தில், முந்தைய ஒன்பது மனுக்களும் இதைவிட நன்றாகவே எழுதப்பட்டவை.