தங்கையா கேட்ட முடிவு

தங்கையா அண்ணன் எங்கள் தோட்டத்துக் கவ்வாத்துக்காரர். முற்றிய தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவது அவர் வேலை. நிவித்திகல பக்கம் உங்களைப்போல வெட்ட ஆளில்லை என்று யாராவது புகழ்ந்தால், "வாய மூடிக்கிட்டு வெட்டுங்கடா" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

கார்த்திகை மழையில் மலை சரிந்தபோது அவர் மனைவி இராஜம் அக்கா கோயிலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். கோயிலும் போயிற்று, அக்காவும் போனார். வேறெங்கு நின்றிருந்தாலும் தப்பியிருப்பார். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். வேலை சொன்னால் செய்தார். ஒருநாள் புல் வெட்டும்போது விரல் கிழிந்து இரத்தம் ஒழுகியது. நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து கவ்வாத்துக் காலம் வந்தது. முதல் நாள் மலையில் ஒரு கல்லை நட்டு, எல்லாருடைய கத்தியையும் அதன்முன் வைத்துக் கும்பிடாமல் எவனும் செடியைத் தொடமாட்டான். பூசை செய்வது எப்போதும் அண்ணன். கற்பூரத் தட்டோடு பின்னால் நிற்பது அக்கா. இந்த முறை கங்காணி போய்க் கூப்பிட்டபோது அண்ணன் சொன்னார்: "சாமி இருக்கா இல்லியான்னு எம்மக படிச்சிக்கிட்டு இருக்குங்க. முடிவு தெரியட்டும்."

கிண்டல் என்று நினைத்தோம். இல்லை. மகள் லோஜினி பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கிறாள். பரீட்சைக்கு அதுதான் பாடம், படிக்க வீட்டுக்கு வந்திருந்தாள். "சத்தமா படி புள்ள, வீடு கம்முன்னு கெடக்கு" என்றாராம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக வீடுகள் உள்ள லயத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழாமல் இருக்குமா? நானும் கேட்டேன்.

பானை இருந்தால் குயவன் இருக்க வேண்டும், அதுபோல உலகுக்கும் ஒருவன் உண்டு என்றார்கள் நையாயிகர் என்னும் தர்க்கவாதிகள். அவரவர் வினையே பலன் தரும், படைத்தவன் எதற்கு என்றார்கள் சமணர்கள். அசைவதையெல்லாம் முதலில் அசைத்த ஒன்று உண்டு என்றார் ஒரு கிரேக்கர். தொடக்கம் உள்ளதற்கெல்லாம் காரணம் உண்டு என்று வாதாடினார்கள் அரபு அறிஞர்கள். அறிவால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று ஒரு ஜெர்மன்காரர் கையை விரித்துவிட்டார். நல்லவனும் வல்லவனுமாக ஒருவன் இருந்தால் இத்தனை துன்பம் ஏன் என்று இன்னொருவர் கேட்ட இடத்தில் லோஜினியின் குரல் நின்றுபோனது.

"முடிவு என்னா புள்ள?"

"முடிவு இல்லப்பா. ரெண்டு பக்கமும் எழுதணும். அப்பத்தான் மார்க்கு போடுவாங்க."

"சரி" என்றார்.

மறுநாள் காலையில் மலைக்கு வந்துவிட்டார். லோஜினியும் கூட வந்தாள். கல்லை நட்டார். கத்திகளை வரிசையாக வைத்துக் குங்குமம் வைத்தார். "யாரு கையிலயும் கத்தி படக்கூடாது. நீ இருந்தா கேட்டுக்க. இல்லாட்டி இவங்களாவது கேட்டுக்கட்டும்" என்று தேங்காயை உடைத்தார். பிறகு, வருசா வருசம் செய்வதுபோல, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"இராஜம், தட்டக் குடு."

நாங்கள் யாரும் அசையவில்லை. கை நீட்டியபடியே இருந்தது. லோஜினிதான் தட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அண்ணன் திரும்பி மகளைப் பார்த்தார். அப்போதுதான் மனிதர் அழுதார்.