முன் இடது சக்கரம்

என் அக்காவின் கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜாக்கிரதை. போனில் பேசி முடிக்கும்போது மற்றவர்கள் "சரி, வைக்கிறேன்" என்பார்கள். அவர் "ஜாக்கிரதை" என்று சொல்லித்தான் வைப்பார். ஒருமுறை தப்பான நம்பருக்குக் கூப்பிட்டவரிடமும் அப்படியே சொன்னார். நேரில் அவர் எனக்கு அத்தான்; முதுகுக்குப் பின்னால் மட்டும் ஜாக்கிரதை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் படித்துச் சரிபார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஒரே மேசை. ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்த எந்த வண்டியைப் பற்றியும் அந்த மேசைக்குக் காகிதம் வந்ததில்லை. நான் கணக்கு வாத்தியார். ஆயிரம் வண்டி போனால் அதில் ஒன்று மோதும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அந்த ஒன்றை மட்டும்தான் தெரியும்.

பதவி உயர்வு வந்தபோது, பக்கத்து ஊர்க் கிளைக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. வீட்டில் ஒரு பழைய கார் உண்டு. கதவை இரண்டு தடவை அடித்தால்தான் மூடும். அதை மெக்கானிக்கிடம் கொடுக்க அவருக்கு மனசு வராது. "எவனாவது அவசரத்துல ஒரு நட்டை விட்டுட்டான்னா?" என்பார். அதனால் புத்தகம் பார்த்து, வீடியோ பார்த்து, எல்லா ரிப்பேரையும் வாசலிலேயே தன் கையால் செய்யப் பழகியிருந்தார். நன்றாகவே செய்வார், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரே மகள். எங்களுக்கெல்லாம் குட்டி. பிசியோதெரபி படித்தவள். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது; ஒரு பகல் முழுக்க ஓட்டிப் போக வேண்டிய தூரம். நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை என்பதால் சொந்த வண்டி வேண்டும் என்றார்கள். "நம்ம வண்டியை எடுத்துக்கறேன்ப்பா" என்றாள். அன்றிலிருந்து அத்தான் வளைவுகளைப் பற்றியும், பனியைப் பற்றியும், தூங்கிப்போகிற லாரி டிரைவர்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் சிரித்துக்கொண்டே துணி மடித்தாள்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இவ இவரை மாதிரி ஆயிடக் கூடாதுடா. இப்போ போகலேன்னா ஆயிடுவா." அக்கா சும்மா பேசுகிறவள் இல்லை. எனக்கும் அந்தக் கவலை ஒட்டிக்கொண்டது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"வேகத்தடையில இறங்கும்போது முன்னாடி இடது பக்கம் டொக்குங்குது" என்றார். அக்கா கேட்கவில்லை என்றாள். குட்டி கேட்கவில்லை என்றாள். நானும் பின்சீட்டில் உட்கார்ந்து மூன்று தெரு சுற்றினேன். பழைய வண்டியில் கேட்க வேண்டிய சத்தமெல்லாம் கேட்டது. அவர் சொன்னதை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை.

"இது அவளைப் போக விடாம இருக்கிறதுக்கு வந்த சத்தம்" என்றாள் அக்கா, அவர் காதில் விழுகிற மாதிரியே.

அவர் விடவில்லை. டிக்கியைத் திறந்து பார்த்தபோது, மகளுக்காக அவரே கட்டிவைத்த அவசரப் பெட்டி இருந்தது. கயிறு, டார்ச், மரக்கட்டைகள், தீயணைப்பு சிலிண்டர். சிலிண்டர் கட்டு தளர்ந்து உருண்டு ஜாக்கியில் முட்டிக்கொண்டிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அத்தான், உங்க ஜாக்கிரதையே சத்தம் போடுது!" சிரித்துச் சிரித்துக் குட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிலிண்டரைத் துணியில் சுற்றிக் கட்டினோம். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் உள்ளே போனோம்.

அவர் மட்டும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அது டங், மாப்ள. நான் சொல்றது டொக். இன்னும் இருக்கு." கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். "இல்ல, எனக்குத்தான் கேக்குதா? அவ போகக் கூடாதுன்னு என் காதே உண்டாக்குதா? என்னால பிரிச்சுப் பார்க்க முடியல."

இருபது வருஷமாகக் கேலி செய்கிற வாய் எனக்கு. அன்றைக்கு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இந்த மனுஷன் தன் பயத்தையே நம்ப முடியாமல் தவிக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னார். காதை நம்பவில்லை, கையை நம்பினார். இடது சக்கரத்துக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்து, உள்ளே ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்தார்.

"மெதுவா திருப்பு. இந்தப் பக்கம். இப்போ அந்தப் பக்கம். நிறுத்து." அடுத்த மூட்டுக்குக் கை போனது. "திருப்பு."

மூன்றாவதில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு எழுந்து, "நீ வந்து கை வைம்மா" என்றார். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். குட்டி படுத்துக் கை வைத்தாள். நோயாளியின் முழங்காலைப் பிடித்துப் பார்க்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, தேஞ்சுபோன முட்டி இப்படித்தான் இருக்கும். உள்ளே இடிக்குது."

சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயிண்ட் அது. முற்றிலும் தேய்ந்து கழன்றால் சக்கரம் வெளியே மடங்கிவிடும். கெட்ட செய்திதான். ஆனால் அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சத்தம் உண்மை!

அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். வண்டி பழசு, நம்ப முடியாது, போக வேண்டாம் என்று அத்தான் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுத்துப் பேச முடியாது. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "கடை திறந்திருக்கும். ரெண்டு பக்கத்துக்கும் புதுசு வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். அக்கா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வலது பக்கத்தை முதலில் மாற்றினார். ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே மரக்கட்டை கொடுத்து, வேலை முடிந்ததும் சக்கரத்தை மாட்டி வீல் நட்டுகளை லேசாக முடுக்கினார். தூக்கிய நிலையில் அதற்கு மேல் முடுக்க முடியாது, சக்கரம் கூடவே சுற்றும். தரையில் இறக்கிய பிறகுதான் முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டும். அதையும் கொடுத்து, முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோடு இருந்தால் முடுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். சாக்பீஸ் நான் பள்ளியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பது.

இடது பக்கம் உயிரை வாங்கியது. பழைய மூட்டு துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டி, வெயில் சாய்கிற நேரத்தில் 'பட்'டென்று கழன்றது. புதியதை மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியை இறக்கினார். இறக்கிய கையோடு பம்பரை அழுத்திப் பார்த்தார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். குட்டி ஓடி வந்து தன் முழு எடையையும் போட்டு அழுத்தினாள். ஒன்றுமில்லை.

"போயே போச்சுப்பா!" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் முகத்திலும் கிரீஸ். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஏறிக்கொண்டு மெதுவாகத் தெருவைச் சுற்றினோம். வேகத்தடையில் ஏறி இறங்கினோம். பூனை நடக்கிற மாதிரி இருந்தது. அன்று ராத்திரி அவர் தூக்க மாத்திரை போடாமல் தூங்கினார் என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் குட்டி கிளம்பினாள். வழியனுப்ப நானும் போயிருந்தேன். போனை அணைத்துப் பின்சீட்டுப் பையில் போட்டாள். ஓட்டும்போது போன் கூடாது என்பது அத்தான் போட்ட சட்டம். கார் முனை திரும்பும் வரை கை காட்டினோம்.

அதற்கு அப்புறம் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். கிளம்பும் முன் எடுத்த போட்டோவை அக்கா தன் போனில் காட்டினாள். வண்டிக்குப் பக்கத்தில் அப்பாவும் மகளும். மகளின் சிரிப்பைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்க்கிற அப்பன் அவர் ஒருவர்தான். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"மாப்ள, இடது பக்கம் கோடு இல்ல."

முந்தின நாள் சாயங்காலத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். இறக்கினார், பம்பரை அழுத்தினார், அவள் ஓடி வந்தாள், சிரித்தார். ஸ்பேனரை எடுக்கவே இல்லை. எத்தனையோ ரிப்பேரைப் பயந்து பயந்து செய்தபோது ஒரு தப்பும் வராத கை அது. சந்தோஷமாக இருந்த ஒரே நாளில் விட்டுவிட்டது.

அக்கா போன் போட்டாள். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல். அத்தான் செருப்பில்லாமல் ஓடிவந்து என் ஸ்கூட்டரில் ஏறினார். நான் முப்பதைத் தாண்டினாலே தோளைத் தட்டுகிறவர். அன்றைக்குத் தட்டவில்லை. ஓடுகிற வண்டியில் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி எத்தனை காகிதங்களில் கையெழுத்துப் போட்டவர். என் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்திருந்தார். அந்தக் கை இழுக்கிற இழுப்பிலேயே எனக்கு எல்லாம் கேட்டது.

நெடுஞ்சாலை ஏறியதும் தூரத்தில் கூட்டம் தெரிந்தது. ஒரு லாரி ஓரமாக, சுற்றிலும் ஆட்கள். என் உயிர் என்னிடம் இல்லை. கிட்டே போனால், பஞ்சரான டயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தான், "போ, போ" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

பெட்ரோல் பங்க்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் கார் நின்றது. நான்கு சக்கரமும் இருந்தன. முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குட்டி தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வீல் ஸ்பேனர்.

"ஒரு சத்தம் கேட்டுச்சுப்பா" என்றாள். "நீங்க சொன்ன டொக் இல்ல, வேற. ஸ்டியரிங் உதறுச்சு. நிறுத்திட்டேன். நாலு நட்டும் கையாலேயே சுத்துது."

"நான்தான்ம்மா முடுக்கல" என்றார் அவர். "மறந்துட்டேன்."

அவள் அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஸ்பேனரை நட்டில் மாட்டப் பார்த்தாள். அது நழுவி நழுவி வந்தது. அவள் கை அப்படி நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. அத்தான் சாலையைக் கடக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவளிடம் அதுவரை பார்த்ததில்லை.

அத்தானும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனரை வாங்கி நான்கு நட்டையும் எதிரெதிராக முடுக்கினார். பிறகு மற்ற சக்கரங்களையும். அவர் நிமிர்ந்தபோது அவள் காரில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. இன்னும் அவ்வளவு தூரம் இருக்கு. நான் திரும்பி வந்துடட்டுமா?"

இரண்டு மாதமாக அவர் கேட்கத் தவித்த வார்த்தை. அவர் சொல்லப்போகிற பதிலை நினைத்து நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அக்கா முகம்தான் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம்" என்றார் அத்தான். "நீ போ. சத்தம் கேட்டதும் நிறுத்தின பாரு, அது போதும். வண்டி சரியா இருக்கு."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"நிஜமா எனக்குப் பயமே இல்ல."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் பார்வையை விலக்காமல் நின்றார். அவள் மூச்சை இழுத்து விட்டு ஏறி உட்கார்ந்தாள். அவரே கதவை இரண்டு தடவை அடித்து மூடினார். கார் மெதுவாகச் சாலையில் ஏறி, வேகம் எடுத்து, மற்ற வண்டிகளோடு கலந்து போனது. ஒரு சத்தமும் இல்லை.

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். "வாங்க அத்தான், அக்கா அங்கே தவிச்சுக்கிட்டு இருப்பா."

அவர் வெறுங்காலோடு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் இரு, மாப்ள" என்றார். "கால் நிக்க மாட்டேங்குது."