ஏழாம் நாள் ஓடாத வள்ளம்

எங்கள் மாமா ஒரு வீடியோ கேம் கம்பெனி நடத்தினார் என்று சொன்னால் இன்று என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. நாகர்கோவிலில், அப்பாவின் பெயின்ட் கடைக்கு மேலே, காலி டப்பாக்களை ஒதுக்கி உண்டாக்கிய ஓர் அறைதான் கம்பெனி. அம்மாவின் தம்பியான மாமாவும், அவரோடு கல்லூரியில் படித்த கடியப்பட்டணத்துக் கூட்டாளியும்தான் அதன் முதலாளிகள், தொழிலாளிகள், எல்லாம். பெயர்ப் பலகை மாட்டினால் மாடிக்கும் கடை வரி போட்டுவிடுவார்கள் என்று அப்பா தடுத்துவிட்டதால், கடைசி வரை கம்பெனி ஊர் பேர் தெரியாமலே இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. பிழைக்கு ஒரு பழம்பஜ்ஜி. அதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். பிழையைச் சரிசெய்ததும் மாமா அதற்கு நேரே சிவப்பு மையில் டிக் போடுவார். பஜ்ஜி ஆசையில் இல்லாத பிழைகளையும் எழுதியிருக்கிறேன். 'காக்கா அழகாக இல்லை' என்பது அதில் ஒன்று.

போனில் ஆடுகிற அந்த விளையாட்டு இதுதான். கரையில் கிடக்கும் வள்ளத்தைத் தொட்டால் அது கடலில் இறங்கும். பாறையில் இடிக்காமல் மீன் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு முறை போய் வந்தால் ஒரு நாள் கழியும். மீனவர் வீட்டுப் பிள்ளையான கூட்டாளிதான் அலையையும் பாறையையும் வரைந்தவர். வள்ளக்காரனுக்குக் குரல் கொடுத்ததும் அவரே. மாமா எப்போதும் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பார், கூட்டாளி அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

ஆறு நாள் ஒழுங்காக ஓடுகிற வள்ளம் ஏழாம் நாள் அசையாது. எத்தனை முறை அமுக்கினாலும் மணலில் கிடந்தபடி, "இண்ணைக்குப் போவாண்டாம் மக்கா, நாளைக்குப் போவலாம்" என்று கூட்டாளியின் குரலில் சொல்லும். நோட்டில் எழுதினேன்: 'ஏழாம் நாள் வள்ளம் ஓடவில்லை.' அதைப் படித்துக் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழம எவனாவது கடலுக்குப் போவானா? அது பிழை இல்ல மக்கா."

அவர்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வள்ளம் இறக்கமாட்டார்கள். பூசை முடிந்தால் வீடு, சோறு, உறக்கம். அதை மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் உண்டுதான், ஆனால் வந்த கையோடு அப்பா கடை திறந்துவிடுவார். எப்படியோ, பிழை இல்லாத அந்தப் பிழைக்கும் எனக்குப் பஜ்ஜி கிடைத்தது.

கம்பெனி தொடங்கி மூன்று வருடம் பாடுபட்ட பிறகு, அந்த வருடம்தான் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி அந்த விளையாட்டைக் கேட்டது. அவர்களுக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஏழாம் நாளைத் தவிர. ஆடுகிறவனை ஒரு நாள் சும்மா உட்கார வைத்தால் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவான், அதை எடுத்தால்தான் ஒப்பந்தம் என்றார்கள். மாமா எடுத்துவிடலாம் என்றார். கூட்டாளி முடியாது என்றார். அதிகம் பேசாத மாமா அன்று சத்தம் போட்டார். என் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பத்து வயசுப் பிள்ளைக்கே இது தப்புண்ணு தெரியுது. உனக்குத் தெரியல்லியா?"

"ஞாயித்துக்கிழம வள்ளம் இறக்குனதக் கண்டா எங்க அப்பன் மூஞ்சில துப்புவாரு."

"அப்படிண்ணா கம்பெனி உனக்கு எதுக்குலே? போய் உங்க அப்பன் வள்ளத்துலயே இரு."

கூட்டாளி தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டும்போது, "வாறேன் மக்கா" என்று மட்டும் சொன்னார். என் நோட்டைக் காட்டித்தான் மாமா ஜெயித்தார் என்று எனக்கு ஒரே பெருமை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றைக்கே மாமா அந்தப் பிழைக்கு டிக் போட்டார். வள்ளம் எல்லா நாளும் ஓடியது, ஏழாம் நாளின் குரல் நின்றது.

மூன்றாவது வாரம், தன் அப்பாவின் வள்ளத்தில் ஓர் ஆள் குறைகிறது என்று கூட்டாளி கடலுக்குப் போனார். திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்திலேயே அலை வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டது. மற்ற மூன்று பேரும் நீந்தி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தால் யாராவது பிரசங்கத்தில் சொல்லியிருப்பார்கள். அது வெறும் புதன்கிழமை. அடக்கத்துக்குப் போன மாமா, கூட்டாளியின் அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டாராம்.

ஒரு மாதம் மாடிக் கதவு திறக்கவில்லை. திறந்த அன்று பள்ளி விட்டு ஓடிவந்து விளையாடினேன். ஏழாம் நாள் வள்ளம் நின்றுவிட்டது. எனக்குக் கொண்டாட்டம். 'பழைய பிழை திரும்ப வந்துவிட்டது' என்று எழுதி நீட்டினேன். மாமா வாசித்தார். சிவப்புப் பேனா பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை.

"அது அப்படியே கெடக்கட்டு" என்றார்.

பெங்களூர் ஒப்பந்தம் அதோடு போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாமா பிறகு கீழே கடையில் பெயின்ட் கலக்க நின்றார், இன்றும் நிற்கிறார்.

நோட்டைக் கொடுத்த அன்று சாயங்காலம், வராத பஜ்ஜியைக் கேட்க மறுபடி மாடிக்குப் போனேன். மாமா போனைக் கையில் வைத்து மணலில் கிடந்த வள்ளத்தை அமுக்கினார். "இண்ணைக்குப் போவாண்டாம் மக்கா, நாளைக்குப் போவலாம்." மறுபடி அமுக்கினார். கூட்டாளியின் குரல் மறுபடி சொன்னது. பார்க்கப் பாவமாக இருந்தது. தானே செய்த விளையாட்டு இப்படி மறந்துபோகுமா என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, எத்தன மட்டம் அமுக்குனாலும் அது போவாது" என்றேன்.

"தெரியும் மக்கா" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை அமுக்கினார்.

தெரிந்தும் ஏன் அமுக்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பஜ்ஜிக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்துவிட்டேன்.