தண்ணித் தொட்டியில் வந்த காவேரி

என் வீட்டுக்காரர் கார் வாங்கினார் என்று சொல்வது தப்பு. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பல் ஏறுகிற அவசரத்தில் அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார் என்பதுதான் சரி. யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது அது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவேரிக் கரையில், எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அந்த வருஷம் வெற்றிலை நல்ல விலைக்குப் போனது. மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா?

துரையின் டிரைவர் பத்து நாள் தங்கி இவருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். பத்து நாளில் வண்டியைக் கிளப்பவும் திருப்பவும் கற்றுக்கொண்டார். நிறுத்தக் கற்றுக்கொண்டது டிரைவர் போன பிறகு, எங்கள் வாழைத் தோப்புக்குள். அந்த வருஷம் ஊரெல்லாம் வாழைத்தண்டுப் பொரியல்.

வண்டிக்குக் கித்தான் கூரை. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். சுற்றுகிறவருக்கு உயிர் போகும். ஹாரனைத் தவிர மற்ற எல்லா உறுப்பும் சத்தம் போடும். இரண்டு மைலுக்கு அப்பால் வரும்போதே அதன் இருமல் காதில் விழும். இவர் நாமக்கல் போய்த் திரும்பும்போது, சத்தம் கேட்டதும் உலையில் அரிசி போடுவேன். கஞ்சி வடிக்கும்போது வாசலில் வந்து நிற்பார். வரவில்லை என்றால் வண்டி வழியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

அது நிற்காத இடம் கிடையாது. சந்தைக்கு நடுவில் நின்றிருக்கிறது. எழவு வீட்டு வாசலில் நின்று, துக்கத்துக்கு வந்தவர்களே தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒருமுறை டயர் கிழிந்து, உள்ளே வைக்கோலைத் திணித்து ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் நிறுத்தினால் மாடுகள் வந்து சக்கரத்தை மோந்து பார்த்தன. எதிரே வருகிற வண்டிக்காரர்கள் எல்லோரும், வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், “கயிறு வேணுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை முன்பக்கத்துத் தண்ணித் தொட்டி. இன்ஜின் சூடாகாமல் இருக்க அதில் தண்ணீர் நிற்க வேண்டும். எங்கள் தொட்டியில் தண்ணீரைத் தவிர எல்லாம் நின்றது. அடியில் ஒரு கசிவு. மூன்று பேர் ஈயம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் தாங்கும், மறுபடி சொட்டும். அதனால் படிக்கட்டுப் பலகையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு, நாலு மைலுக்கு ஒரு கிணற்றில் இறங்கி மொண்டு வந்து ஊற்றுவார். ஊர்க் கிணறெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“அதுவும் ஒரு உசிரு மாதிரித்தான் அம்மணி, தாகம் எடுக்குமல்ல” என்பார்.

“உசிருன்னா குடிச்ச தண்ணிக்கு வேலை செய்யோணுமுங்க” என்பேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்றைக்கும் அப்படித்தான்.

இப்படி இருக்கும்போது என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது.

பிறந்த வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். எனக்கு ஒரே தம்பி. எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. நான்தான் அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தேன். பச்சைத் தண்ணீரைக் கண்டால் ஓடுவான். தினமும் நான் விறகு வைத்து வெந்நீர் போட்டு, கையில் ஊற்றிக் காட்டி, சமாதானம் பண்ணி உட்கார வைப்பேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இல்லாமல் கல்யாணம் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை தலையில் தண்ணீர் வார்த்து உட்கார வைப்பார்கள். அக்காளோ தங்கையோ கூறைச் சேலையைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்து அவன் பக்கத்தில் உட்காருவாள். சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். இணைச்சீர் என்று பெயர். ஒருமுறை உட்கார்ந்தவள் ஆயுசுக்கும் அவனுடைய இணைச்சீர்க்காரி. அந்த இடத்தை மாற்ற முடியாது. எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. தலைக்கு வார்க்கிற தண்ணீர் அன்று காலையில் எடுத்த காவேரித் தண்ணீராக இருக்க வேண்டும். நான் காவேரிக் கரையில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் அதுவும் என் பொறுப்பு.

தம்பி ஒரு வாரம் முன்னாலேயே வந்து மன்றாடினான். “அக்கா, மாமாவோட காரு வேண்டாங்க. தண்ணியெடுத்த கையோட விடியால நேரத்துல சவாரி வண்டி கட்டிக்கிட்டு பொறப்பட்டுருங்க. விளக்கு வெச்ச ஒடனே சீர். நேரம் தவறப்படாதுன்னு அருமைக்காரர் சொல்லிப்போட்டாரு. நீங்க வரலீன்னா பெரியப்பன் ஊட்டு அக்காளைத்தான் ஒக்கார வெப்பாங்க.” அருமைக்காரர் என்பவர் சடங்குகளை நடத்தி வைக்கும் பெரியவர். பெரியப்பா மகளோ என்னைவிட ஒரு வயது மூத்தவள். அந்தச் சீருக்கென்றே புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தகவல் வந்திருந்தது.

இவர் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். முகம் சுண்டிப்போய்விட்டது. “முப்பது மைலு. மூணு மணி நேரத்துல உங்கக்காளைக் கொண்டாந்து எறக்கறேன், பாரு மச்சான்” என்றார். தம்பி என்னைப் பார்த்தான். புருஷனை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நானும் தலையாட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான்தான்.

அன்று விடிகாலையில் காவேரியில் பித்தளைக் குடம் நிறைய மொண்டு, வாயைத் துணியால் கட்டி எடுத்து வந்தேன். கிளம்பும்போது உச்சிப்பொழுது. காலையெல்லாம் அவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். குடம் என் மடியில், சீர்க்கூடை என் காலடியில். பரமத்தியில் ஒரு கிணறு, கந்தம்பாளையத்தில் ஒன்று, திருச்செங்கோட்டில் ஒன்று. ஒவ்வொரு கிணற்றிலும் நான் பேசினேன், அவர் பேசாமல் மொண்டு ஊற்றினார். திருச்செங்கோடு தாண்டி மூன்றாவது மைல் கிணற்றில் அவரும் பேசிவிட்டார். “நீ பேசற பேச்சுலயே வண்டி சூடாகிப்போகுது” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கும்தான். படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு கிளப்பினார்.

ஊருக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. இறங்கிப் போய்த் தகரத்தை அவிழ்க்கக் கையை நீட்டினார். வெறும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சண்டை போட்ட வேகத்தில் தகரத்தை அந்தக் கிணற்று மேட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், எங்களுக்கு அண்டாவே போய்விட்டது.

சுற்றிலும் மானாவாரிக் காடு, ஒரு ஓலைக்கூரைகூடக் கண்ணில் படவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடலை மூட்டை ஏற்றிய ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் நிறுத்தி, வழக்கம்போல, “கயிறு வேணுங்களா?” என்றார். நான் கூடையையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு அவர் வண்டியில் ஏறப் போனேன்.

“நீங்க ஏறுங்க அம்மணி, அதுக்கென்ன. ஆனா நான் போய்ச் சேர்றப்ப விளக்கு வெச்சு ரெண்டு நாழியாவது ஆயிரும். பாரமுங்க” என்றார்.

வண்டிக்காரர் போய்விட்டார். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். என் கையால் வளர்ந்த பிள்ளை பக்கத்தில் இன்னொருத்தி உட்காரப் போகிறாள், அதுவும் அவள்.

இவர் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று, “தப்பு என்னோடதுதான் அம்மணி” என்றார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மடியில் குடம் இருந்தது.

“இதை ஊத்துங்க” என்றேன்.

“இது உன்ற தம்பி தலைக்கு வெச்சது.”

“தண்ணி எந்தக் கிணத்துலயும் கெடைக்குமுங்க. அவனுக்கு அக்கா எந்தக் கிணத்துல கெடைப்பா?”

அவர் குனிந்து தொட்டியின் அடியைக் காட்டினார். ஈயம் விட்டுப்போய், கீறல் விரல் நீளத்துக்கு இருந்தது. ஊற்றினாலும் ஒரு மைல் தாங்காது. எனக்கு என்ன தோன்றியது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கை அறுத்துக்கொண்டால் என்ன செய்வோம்? மஞ்சள் வைத்து அழுத்துவோம். சீர்க்கூடையில் புதிதாக இடித்த மஞ்சள்தூள் ஒரு படி இருந்தது. அள்ளிக்கொண்டு வந்தேன். இவருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

“காருக்கு மஞ்சள் நீராட்டா?”

“சிரிக்காம ஊத்துங்க.”

இன்ஜின் ஆறியிருந்தது. முதலில் காவேரியை ஊற்றினார், மேலே நான் மூன்று கைப்பிடி மஞ்சளைப் போட்டேன். கைப்பிடியைச் சுற்றினார், வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. இருவரும் ரோட்டில் முட்டிபோட்டு அடியைப் பார்த்தோம். மஞ்சளாக ஒழுகியது. பிறகு சொட்டியது. பிறகு ஒரு சொட்டு வரலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டே நின்றுவிட்டது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னொரு கார்கூட வாங்கவிட்டிருப்பேன்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை அப்பா பிற்பாடு சொன்னார். விளக்கு வைத்தாகிவிட்டது. காவேரிக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வைத்து, தம்பியைப் பலகையில் உட்கார வைத்துவிட்டார்கள். பெரியப்பா மகள் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு கூறைச் சேலைக் கூடையில் கை வைத்துவிட்டாள். இவன் திடீரென்று எழுந்துகொண்டான்.

“நிறுத்துங்க. எங்கக்கா வண்டி சத்தம் கேக்குது.”

வேறு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. “அது மில்லு சத்தம் சாமி, ஒக்காரு” என்றிருக்கிறார் அப்பா.

“எந்த மில்லுங்கப்பா இருமிக்கிட்டே ஓடும்?”

உட்காரமாட்டேன் என்று நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஊருக்கே கேட்டது. பந்தல் வாசலில் வண்டி நின்றபோது முதலில் ஓடிவந்தவன் அவன்தான். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அருமைக்காரர் அவன் பின்னாலேயே வந்தார். “தீர்த்தம் எங்க அம்மணி?”

நான் காலிக் குடத்தைப் பார்த்தேன். கூட்டம் என்னைப் பார்த்தது. பெரியப்பா மகள் கூடையை இன்னும் விடவில்லை. அப்போது இவர் முன்னால் வந்து, “தீர்த்தம் எங்கயும் போகலீங்க. வண்டிக்குள்ள பத்திரமா இருக்குது” என்றார். குடத்தை வாங்கிக்கொண்டு போய், தொட்டிக்குக் கீழே இருந்த குழாயைத் திருகி, வேட்டித் துணியில் வடிகட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். முக்கால் குடம். மஞ்சள் மஞ்சளாக, மேலே ஆவி பறந்தது.

அருமைக்காரர் விரலை விட்டுப் பார்த்தார். “காவேரிதானுங்களே?”

“ஆமாங்க. விடியால எடுத்தது.”

“எண்ணெய் வாசம் அடிக்குது” என்றாள் பெரியப்பா மகள்.

“எண்ணெய் வெச்சுத்தானே தலைக்கு ஊத்தறோம்” என்றார் அருமைக்காரர். “மஞ்சளும் சேர்ந்திருக்குது, காய்ச்சியும் ஆச்சு. பாத்திரந்தான் கொஞ்சம் பெருசு. ஆறவெச்சு ஊத்து சாமி.”

பந்தலே சிரித்தது. இவரும் சிரித்தார். மறுநாள் அந்தத் தொட்டியை நிரப்ப அவர் எத்தனை நடை நடந்தார் என்பது வேறு கதை.

தை மாசத்துப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. தம்பி வெற்று உடம்போடு, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தான். நான் புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, முதல் செம்பை அவன் தலையில் ஊற்றினேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“வெதுவெதுன்னு இருக்குதக்கா” என்றான். “சின்ன வயசுல ஊத்துவீங்களே, அது மாதிரியே.”

நான் இன்னொரு செம்பு மொண்டேன்.