குருவம்மாளின் இடது கை

என் தங்கை குருவம்மாள் 1988-ஆம் ஆண்டு மாவட்ட வில்வித்தை அணியில் இடம் பிடித்தாள். அதை யாரும் அவளுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. கிடைக்கவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். அவர் பெயர் சுயம்புலிங்கம், எங்கள் சங்கத்தின் பயிற்சியாளர். அவரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனாலும் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். என் தங்கையின் தப்பையும் சேர்த்துத்தான்.

நாங்கள் கான்சாபுரத்துக்காரர்கள். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். குருவம்மாள் ஐந்தாவதோடு நின்றாள். பன்னிரண்டு வயதிலிருந்து மாந்தோப்புக் காவலுக்குப் போனாள். கிளி விரட்ட அவள் கையில் இருந்தது உண்டைவில். அதற்கு நாண் இரண்டு. நடுவில் சின்னத் துணி மடிப்பு. அதில் காய்ந்த களிமண் உருண்டையை வைத்து இழுத்து விட வேண்டும். விட்ட உருண்டை, வில்லைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலைப் பார்த்தே வரும். விட்ட நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பி வழி விடாவிட்டால் நகம் தெறித்துவிடும். ஏழு வருடம் அவள் அப்படித் திருப்பித் திருப்பிப் பழகிய கை அது.

பத்தொன்பது வயதில் அவளும் எங்கள் மில்லுக்கு வந்தாள். அந்த வருடம்தான் தொழிலாளர் சங்கத்தில் ஆறு மூங்கில் வில் வாங்கினார்கள். சுயம்புலிங்கம் வெளியூரில் இரண்டு வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். முதல் நாளே பெண்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, வில்லை உலக்கை பிடிப்பதுபோல் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். ஆடக் கூடாது, இறுக்கு என்பதே அவருடைய பாடம்.

குருவம்மாள் இறுக்கவில்லை. உண்டைவில்லை இறுக்கிப் பிடித்தால் திருப்ப முடியாது என்பதால் அவள் கை தானாகவே தளர்ந்து நிற்கும். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை மேட்டில் வில் சாய்ந்திருக்கும், விரல்கள் சும்மா சுற்றியிருக்கும். மற்ற பெண்களின் முன்கையில் நாண் அடித்து அடித்துத் தோல் கன்றிப் போனது. இவள் கையில் ஒரு கீறல் இல்லை. இதை அவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சுயம்புலிங்கத்துக்கு அன்று பிடித்த கோபம் கடைசிவரை இறங்கவில்லை.

அவள் அம்புகளும் அவருக்குத் தோதாகவே நடந்துகொண்டன. மூன்று அம்பு நடுவில் போனால் நாலாவது இடப்பக்கம் எங்கோ போகும். பார், இறுக்காததால் வந்த வினை என்று அவர் சிரிப்பார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மில்லில் தண்டு பேரிங்கில் எங்கே உரசுகிறது என்று பார்க்க நீலப் பசை தடவுவோம். அதையே வில்லின் பிடியில் மெல்லிசாகத் தடவி அவளை எய்யச் சொன்னேன். ஒவ்வொரு அம்புக்கும் உள்ளங்கையைப் பார்த்து, துடைத்து, மறுபடி தடவினேன். நல்ல அம்புக்கு, கட்டைவிரல் மேட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே கறை. கெட்ட அம்புக்கு அந்தக் கறை பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. பிடியில் குறை இல்லை. அம்பு வில்லைத் தாண்டுமுன் அவள் மணிக்கட்டைத் திருப்புகிறாள். தோப்புப் பழக்கம்.

சொன்னேன். அவளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

“அந்தாளு ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா? வில்லத் தொட்டிருக்கியா நீ? மையைத் தடவிக்கிட்டு வந்துட்ட.”

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டைத் தரையில் நகர்த்திவிட்டுப் போவாள். ஆனால் அந்த எட்டு நாளும் மாலையில் மைதானத்தில் மணிக்கட்டை நேராக வைத்துப் பழகினாள் என்று பிறகு தெரிந்தது.

அதற்குள் நான் இன்னொரு வேலை செய்திருந்தேன். இறுக்கிப் பிடித்தவர்களில் தங்கபாய் என்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் கையிலும் பசையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க நீலம். முழங்கை உள்பக்கம் திரும்பி நாணின் வழியில் நின்றது. அதைச் சுயம்புலிங்கத்திடம் காட்டியது என் தப்பு.

“ஸ்பேனர் பிடிக்கிறவன் எனக்கு வில்லு பிடிக்கச் சொல்லித் தாரியாலே? போய் மிஷினுக்கு எண்ணெய் விடு.”

மில் ஆட்கள் இருபது பேர் முன்னால் சொன்னார். போனேன். வேறு என்ன செய்ய?

மாவட்ட அணிக்கான தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. பதினேழு பெண்கள். ஆளுக்குப் பன்னிரண்டு அம்பு, மும்மூன்றாக; நடுவில் பட்டால் பத்துப் புள்ளி. மொத்தத்தில் முதல் நான்கு பேர் மதுரையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் கிருபாபாய் என்ற உடற்கல்வி ஆசிரியை. குருவம்மாள் கோட்டில் நின்றதும் சுயம்புலிங்கம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். இறுக்கிப் பிடிக்காவிட்டால் பட்டியலில் பேரை அடித்துவிடுவேன் என்று மெதுவாகச் சொன்னார். நான் கயிற்றுக்கு வெளியே, காதில் விழும் தூரத்தில் இருந்தேன்.

அவள் பயந்துவிட்டாள். இறுக்கினாள். இரண்டு, சுழி, மூன்று. மூன்று அம்புக்கும் நாண் முன்கையில் ஒரே இடத்தில் அடித்தது. மூன்றாவதில் ரத்தம் கட்டிவிட்டது. பன்னிரண்டில் மூன்று போய், கையில் ஐந்து புள்ளி.

அப்போது அவள் வில்லைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கிருபாபாயிடம் போனாள்.

“டீச்சர், வில்ல இப்படித்தான் பிடிக்கணும்னு சட்டத்துல இருக்கா?”

“இல்லம்மா. விசிலுக்கு முன்னால அம்பு போகக் கூடாது. கோட்டைத் தாண்டக் கூடாது. அம்புட்டுதான்.”

“பேரை அடிச்சிருவேன்னு சொல்லுதாரு.”

கிருபாபாய் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார். பட்டியல் தன் கையில் இருப்பதாகவும், கோட்டுக்குள் பயிற்சியாளர் நிற்கக் கூடாது என்பதுதான் உண்மையில் சட்டம் என்றும் சொன்னார். சுயம்புலிங்கம் கயிற்றுக்கு வெளியே, எனக்கு நாலடி தள்ளி வந்து நின்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நாலாவது அம்பைத் தன் பிடியில் விட்டாள். கோபத்தில் மணிக்கட்டு திரும்பிவிட்டது. ஒரு புள்ளி. சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் இடது கையையே செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏழு, எட்டு. அடுத்த மூன்று எட்டு, ஒன்பது, ஏழு. கடைசி மூன்று ஒன்பது, எட்டு, ஏழு. மொத்தம் அறுபத்தொன்பது.

நாலாவது இடம். ஐந்தாவது தங்கபாய், அறுபத்தெட்டு.

தங்கபாயின் முன்கையில் முட்டிவரை துணி சுற்றியிருந்தது. ஒரு வருடம் சொன்ன பேச்சைக் கேட்டு இறுக்கிப் பிடித்தவள். அழுதுகொண்டே வந்து குருவம்மாளை மறித்தாள்.

“சார் பேச்சை மீறி என் இடத்த எடுத்துக்கிட்டேல்லா? நல்லாரு.”

நான் என் தங்கை ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“ஒன் கையப் பாத்த பொறவும் அவரு சொன்னதக் கேட்டுக்கிட்டு நின்னே. நான் என்ன செய்ய?”

எனக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அணியோடு மதுரைக்குப் போகும் பயிற்சியாளர் என்பதால் அணிப் பட்டியலில் சுயம்புலிங்கமும் கையெழுத்துப் போட வேண்டும். நாலாவது பேருக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“மதுரைக்கு வா. ஆனா அங்க வந்து என்கிட்ட எதையும் கேக்கப்படாது, ஏட்டி.”

“இங்கயும் நான் கேக்கலயே சார்.”

போட்டார்.

மதுரையில் மூன்று நாள் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் எய்யும்போது அவர் டீ குடிக்கப் போய்விடுவாராம். முப்பத்தெட்டுப் பேரில் குருவம்மாள் பதினோராவதாக வந்தாள். எங்கள் மாவட்டத்திலிருந்து போன நால்வரில் அவளுக்கு மேலே யாரும் இல்லை.