கேட்காத மேல்சுரங்கள்

எத்தியென் லாகோம்பைப் பெரிய இசையமைப்பாளர் என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரெதமில் ஒரு கத்தோலிக்கக் கோவிலில் முப்பத்தொரு வருடங்களாக ஓர்கன் வாசித்தார். பூசைகளுக்காக அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி சாதாரணமானது, எதுவும் அச்சேறவில்லை. பிரான்சின் லீமோழ் நகரத்திலிருந்து மனைவி சோலாஞ்சுடன் வந்தவர். சென்ற வருடம் அவள் இறந்தபின், அவள் முணுமுணுக்கும் மெட்டொன்றை வைத்து எட்டு மாதம் ஓர் இசைத்துண்டை எழுதினார். அவளுடைய ஆண்டு நினைவுப் பூசையில் அதை வாசிக்க வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு விருப்பம் இருக்கவில்லை.

ஓர்கனில் எந்த வரிசைக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்பதைக் குமிழ்களை இழுத்துத் தீர்மானிப்பார்கள். எத்தியென் மாதத்துக்கு மாதம் காதைத் துளைக்கும் கூரிய ஒலி வரிசை ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனார். சனங்கள் முன்வாங்குகளை விட்டுப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"கிழவர் எங்களையும் செவிடாக்கிப்போட்டுத்தான் போவார்," என்றான் பாடகர் குழுவில் இருந்த றொஜன்.

குழுவை நடத்திய பியற்றிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. முதுமையில் காது முதலில் இழப்பது மேல்சுரங்களை. தனக்குக் கேட்கும்வரை அவர் கூட்டுகிறார்.

"நீங்களே சொல்லுங்கோவன் அக்கா. பாதருக்கே வாய் வருதில்லையாம்."

"சொன்னால் ஆள் ஓர்கனை மூடிப்போட்டுப் போயிடும்."

"சொல்லாட்டி?"

"சோலாஞ்சின்ர பூசையிலயும் சனம் காதைப் பொத்தும்."

பூசைக்கு இரண்டு நாள் முன்பு, பியற்றிஸ் ஓர்கன் மாடத்தில் ஏறி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. எப்போதிருந்து என்று மட்டும் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் என்றாள்.

"அப்படியானால், அவளுடைய அடக்கப் பூசையிலுமா?"

பியற்றிஸ் ஆம் என்று தலையசைத்தாள். பூசையன்று குமிழ்களை அவளே இழுக்க வேண்டும் என்றார் அவர்.

பூசையில் அவள் மெல்லிய வரிசைகள் இரண்டை மட்டும் இழுத்தாள். மெட்டு முழுவதும் மேல்சுரங்களில் ஓடியது. அவர் எழுதியதில் நல்லது என்று தயங்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். கீழே இருந்தவர்கள் அசையாமல் கேட்டார்கள். வாசித்தவருக்கு அடிச்சுரங்கள் மட்டுமே எட்டின.

கடைசிச் சுரம் உச்சியில் தனியே நின்றது. விரலை எடுக்கும்வரை ஓர்கனில் சுரம் ஓயாது. பீடத்தில் பாதர் காத்திருந்தார்.

"இன்னும் கேட்கிறதா?" என்றார் எத்தியென்.

"கேட்கிறது."

அவர் விரலை எடுக்கவில்லை.